2006 எஃப்-150, 5.4 ட்ரைட்டன்: பி0304, பி0316. பிளக்கிலை கை வைக்க முதல் என்ன பார்க்கலாம்?

#1 பாரம்_ஏத்தி (ஸ்கார்பரோ)

வாகனம் 2006 ஃபோர்ட் எஃப்-150 பிக்கப், 5.4 லீட்டர் 3 வால்வு எஞ்சின், 4 கியர் ஓட்டோமெட்டிக், 231,000 கி.மீ. கடைசியா எப்ப பிளக் மாத்தினது எண்டு பதிவு ஒண்டும் இல்லை.

70–80 வேகத்திலை ஓவர்ட்ரைவிலை, பெடலைக் கொஞ்சமா மிதிச்சு ஏத்தம் ஏறேக்கை வண்டி உதறுது. வரிவரியா மேடு போட்ட ரோட்டிலை ஓடுற மாதிரி. மழை பெய்த அடுத்த நாள் காலமை இன்னும் கூட. ஐடிலிலை பெரிசாத் தெரியாது. ஏத்தத்திலை செக் எஞ்சின் லைற் மினுங்குது, சமதரைக்கு வந்தா மினுங்காமல் நிண்டு எரியுது. கோட்: பி0304, பி0316. எட்டுக் கொயிலும் (பிளக்குக்குத் தீப்பொறி வோல்ற்று குடுக்கிறது) எட்டுப் பிளக்கும் வாங்க முதல் வேறை என்ன பார்க்கலாம்?

#2 பழைய_இரும்பு (கால்கரி)

இதுல பார்க்கறதுக்கு ஒண்ணுமில்லைங்க. எட்டுக் காயில், எட்டு பிளக், ஒரே நாள்ல மாத்திருங்க. 2,31,000 ஓடின வண்டி. ஒண்ணு போச்சுன்னா அடுத்தது வரிசைல நிக்குதுன்னு அர்த்தம்.

#3 முறுக்குவிசை (மார்க்கம்)

தம்பி, லைற் மினுங்கிற நேரம் பெடலிலை இருந்து காலை எடுங்கோ. நிண்டு எரிஞ்சால் பிழை பதிவாகியிருக்கு, அவ்வளவுதான். மினுங்கினால் எரியாத பெற்றோல் எக்சோஸ்ற்றுக்குள்ளை போய்க் கற்றலிற்றிக் கொன்வேட்டரை அந்த நிமிசமே சுட்டுக்கொண்டிருக்கு. கொன்வேட்டர் விலையோடை பார்த்தால் எட்டுக் கொயிலும் சில்லறை.

பி0304ஐ "4ஆவது கொயில் போச்சு" எண்டு வாசிக்கக் கூடாது. எஞ்சின் கம்பியூட்டர் தீப்பொறியைப் பார்க்கிறதில்லை. கிராங் (பிஸ்ரன்கள் சுத்திற தண்டு) சென்சர், 36 பல்லிலை ஒண்டு இல்லாத சக்கரத்தைப் பார்த்து, ஒவ்வொரு சிலிண்டரும் எரிஞ்ச பிறகு கிராங் எவ்வளவு வேகம் பிடிச்சது எண்டு அளக்குது. 4 தன்ரை முறையிலை தள்ளேல்லை. அது மட்டும்தான் அந்தக் கோட் சொல்லுது. தீப்பொறி இல்லையோ, பெற்றோல் இல்லையோ, கொம்பிறசன் இல்லையோ எண்டது எங்கடை வேலை. பி0316 தனி வருத்தம் இல்லை. ஸ்டார்ட் பண்ணி முதல் 1000 சுற்றுக்குள்ளை மிஸ், அதாவது ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டது, பிடிபட்டது எண்டு சொல்லுது. ஈரம், குளிர் பக்கம் விரல் நீட்டிற கோட்.

உங்கடை அறிகுறியிலேயே பாதி விடை இருக்கு. ஓவர்ட்ரைவிலை ஏத்தம் ஏறேக்கை சுற்று குறைவு, ஆனால் ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளையும் காத்து நிறைய. அழுத்தம் கூடின காத்துக்குள்ளாலை பாய தீப்பொறிக்குக் கூட வோல்ற்றேச் வேணும். ஐடிலிலை அழுத்தம் குறைவு, நோஞ்சான் கொயிலும் சமாளிச்சுப் போடும். சுமையிலை மட்டும் மிஸ் எண்டால் முதல் சந்தேகம் தீப்பொறிப் பக்கம். ஐடிலிலை மோசம், வேகத்திலை சரி எண்டால் வெற்றிடக் கசிவு, வால்வு, கொம்பிறசன். எந்த நேரமும் ஒரே மாதிரி மிஸ் எண்டால் அந்தச் சிலிண்டர் முழுக்கச் செத்திருக்கு.

இன்னொண்டு, 4 எது எண்டு சரியாப் பிடியுங்கோ. இந்த எஞ்சினிலை பயணி பக்கம் முன்னிலிருந்து பின்னுக்கு 1, 2, 3, 4. சாரதி பக்கம் 5, 6, 7, 8. செவர்லே வி8 பழகின ஆக்கள் ஒற்றை எண் ஒரு பக்கம், இரட்டை எண் மற்றப் பக்கம் எண்டு எண்ணிப் பிழையான கொயிலைக் கழட்டிறது வழக்கம். உங்கடை 4, பயணி பக்கம் கடைசி, ஃபயர்வோலோடை (எஞ்சினுக்கும் ஆக்கள் இருக்கிற பக்கத்துக்கும் இடையிலை உள்ள சுவர்) ஒட்டினது. எரியிற வரிசை 1-3-7-2-6-5-4-8.

#4 நட்டு_போல்ட்டு (டெட்ராய்ட்)

அண்ணன் சொன்னதோட ரெண்டு விஷயம் சேர்க்கிறேன்.

ஒண்ணு, இந்த வேகத்துல இந்த உதறலை டார்க் கன்வர்ட்டர் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கறது) உதறல்னு நினைச்சு கியர்பாக்ஸ் ஆயிலை மாத்தறவங்க ஏராளம். சோதிக்க ஒரு வழி: உதறும்போது பெடலை அப்படியே வெச்சுக்கிட்டு, இடது காலால பிரேக்கை லேசா தொடுங்க. பிரேக் சுவிட்ச் வேலை செஞ்சாலே கன்வர்ட்டர் லாக் விட்டுடும். உதறல் உடனே நின்னா கன்வர்ட்டரா இருக்கலாம். ஆனா ஏமாந்துடாதீங்க: லாக் விட்டதும் ஆர்பிஎம் ஏறும், சுமை குறையும், மிஸ்ஃபயரும் அடங்கிடும். அதனால இந்தச் சோதனையை மட்டும் வெச்சு முடிவு எடுக்கக் கூடாது. உங்களுக்கு லைட் மினுங்குது, கோட் இருக்கு. கன்வர்ட்டர் மட்டும்தான் கெட்டிருந்தா பெரும்பாலும் பி0304 வராது.

ரெண்டு, மோட் 6, அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எத்தனை தடவை மிஸ் ஆச்சுன்னு கம்ப்யூட்டர் வெச்சிருக்கற கணக்கு. மலிவான ப்ளூடூத் அடாப்டரும் ஃபோன் ஆப்பும் போதும். இந்த வண்டில கேன் பஸ் (கம்ப்யூட்டர்கள் பேசிக்கற ஒயர் இணைப்பு) இருக்கறதால மானிட்டர் ஐடி ஏ2 முதல் ஏ9 வரைக்கும் முறையே 1 முதல் 8 சிலிண்டர். அதுக்குள்ள டெஸ்ட் ஐடி 0பி கடந்த பத்து ஓட்டத்தோட சராசரி, 0சி இந்த ஓட்டத்தோட எண்ணிக்கை. கோட் விழாத அளவுக்கு லேசா மிஸ் ஆகிற சிலிண்டரும் இதுல காட்டிக் கொடுத்துடும். காயில் வாங்கறதுக்கு முன்னாடி எட்டு எண்ணையும் இங்க போடுங்க.

#5 பாரம்_ஏத்தி

ஏத்தத்திலை 20 நிமிச ஓட்டம். 0சி கணக்கு: 1ஆவது 0, 2ஆவது 0, 3ஆவது 2, 4ஆவது 388, 5ஆவது 0, 6ஆவது 1, 7ஆவது 0, 8ஆவது 3. பிரேக் தொட்டால் உதறல் நிக்குது, நட்டு_போல்ட்டு சொன்ன மாதிரியே.

#6 முறுக்குவிசை

ஒரு சிலிண்டர்தான். நல்ல செய்தி. அப்ப கொயிலை 2ஆவதோடை இடம் மாத்துங்கோ. 2ஐ ஏன் எண்டால் அது சுத்தமா 0 காட்டுது, கையும் இலகுவாப் போகும். பிளக்கைத் தொட வேண்டாம். ஒரே நேரத்திலை இரண்டு பொருளை மாத்தினால் எது குற்றவாளி எண்டு தெரியாது.

எஞ்சின் ஆறினாப் பிறகு செய்யுங்கோ. கொயிலுக்கு 7 மி.மீ. தலை போல்ட் ஒண்டு. கனெக்ரர் கிளிப் பழசானால் வெப்பத்திலை காய்ஞ்சு பிஸ்கற் மாதிரி உடையும். உள்ளுக்குத் தள்ளி, கிளிப்பை அமத்தி, பிறகு இழுங்கோ. கொயிலை நேரா மேலை இழுத்தால் பிளக்கை மூடியிருக்கிற றப்பர் பூட் கிழிஞ்சு, பாதி பிளக் இருக்கிற குழிக்குள்ளை (கிணறு) நிக்கும். முதல் இடமும் வலமும் திருப்பிப் பிடியை விடுவிக்க வேணும். கொயிலைத் தூக்க முதல் சுத்திவரக் காத்தடிச்சு மண்ணை எடுங்கோ. தூக்கின பிறகு ரோச் அடிச்சு கிணத்துக்குள்ளை பாருங்கோ: தண்ணி, துரு, பச்சை அல்லது மஞ்சள் திரவம், ஒயில், எது இருந்தாலும் எழுதுங்கோ. தண்ணி எண்டால் மழை. இனிப்பு வாசம் எண்டால் கூலன்ற். ஒயில் எண்டால் வால்வு கவர் கஸ்கெற்.

கொயிலின்ரை ஓம் அளந்து நேரத்தை வீணாக்க வேண்டாம். மீற்றர் குளிர்ந்த கொயிலை ஒரு பற்றரியின்ரை சின்ன வோல்ற்றிலை பார்க்குது. கொயில் தோற்கிறது சூட்டிலை, ஆயிரக்கணக்கான வோல்ற்றிலை. சரியான ஓம் காட்டுற செத்த கொயில் எத்தினையோ.

#7 நட்டு_போல்ட்டு

கனெக்டர் கையில இருக்கும்போது ஒரு நிமிஷம் செலவு பண்ணி ஒயரையும் பாருங்க. ரெண்டே பின். சாவி ஆன்ல ஒண்ணுல பேட்டரி வோல்ட் வரணும். இன்னொண்ணு கம்ப்யூட்டர் எர்த் பண்ற ஒயர். டெஸ்ட் லைட்டோட கிளிப்பை பேட்டரி பாசிட்டிவ்ல மாட்டி, முனையை அந்த ஒயர்ல வெச்சு கிராங் பண்ணச் சொன்னா (ஸ்டார்ட்டரைச் சுத்த விட்டா) விட்டு விட்டு எரியணும். எரியலைன்னா ஒயர் எங்கயாவது அறுந்திருக்கும், இல்லைன்னா கம்ப்யூட்டர் உள்ள காயிலை இயக்கற சர்க்யூட் (டிரைவர்) போயிருக்கும். அப்படி ஆனா பொதுவா கூடவே பி0354, அதாவது 4வது காயில் சர்க்யூட் கோட், வரும். உங்களுக்கு அது வரலை, அதனால ஒயர் சரியாத்தான் இருக்கும். ஷார்ட் ஆன காயிலை மாசக்கணக்கா ஓட்டினா அந்த டிரைவரையும் கூட்டிட்டுப் போயிடும், அதுக்காகச் சொல்றேன்.

#8 பாரம்_ஏத்தி

இடம் மாத்தி அதே ஏத்தம், அதே 20 நிமிசம். 4ஆவது இப்பவும் 295. ஆனால் 0 ஆக இருந்த 2ஆவது இப்ப 74. ஒண்டும் விளங்கேல்லை அண்ணை. 4இன்ரை கிணத்துக்குள்ளை தண்ணி இல்லை, ஆனால் பிளக்கின்ரை ஆறுமூலைக்குச் சுத்திவர துரு, வெள்ளைப் பொருக்கு. 4இலை இருந்து எடுத்த றப்பர் பூட்டுக்கு உள்பக்கம் பென்சிலாலை கீறின மாதிரி சாம்பல் நிறக் கோடு ஒண்டு.

#9 பழைய_இரும்பு

காயில் மாத்தியும் 4ல மிஸ் நிக்குதுன்னா காயில் இல்லைங்க. இன்ஜெக்டர். இல்லைன்னா கம்ப்ரஷன். 2ல வர்றது வேற கதை.

#10 முறுக்குவிசை

இரண்டும் ஒரே கதை. அந்தப் பென்சில் கோடுதான் ஆள்.

ஈரம் கிணத்துக்குள்ளை இறங்கினதும் தீப்பொறி பிளக் முனைக்குப் போகாமல் வெள்ளைப் பீங்கானின்ரை வெளிப்பக்கத்தாலை ஓடி உலோகத்துக்குப் பாயத் தொடங்கும். பாயப் பாய அந்த வழியிலை கரி படியும். கரி மின்சாரம் கடத்தும். ஈரம் காய்ஞ்ச பிறகும் பாதை நிரந்தரமா நிக்கும். பிளக்கிலை ஒரு கோடு, அதுக்கு நேரா பூட்டுக்குள்ளை ஒரு கோடு, சோடியா இருக்கும். நீங்கள் கொயிலை பூட்டோடை மாத்தினதாலை ஒரு கோட்டை 2க்குக் கொண்டு போனீங்கள். மற்றக் கோடு 4இன்ரை பிளக்கிலேயே நிக்குது. அதாலை இரண்டு சிலிண்டரும் மிஸ். புதுக் கொயில் வாங்கிப் பழைய பிளக்கிலை வைச்சிருந்தாலும் கொஞ்ச நாளிலை புதுப் பூட்டையும் அந்தப் பிளக் சுட்டிருக்கும். பிறகு "கொயில் மாத்தியும் சரிவரேல்லை" எண்டு இன்ஜெக்டர் வாங்கப் போயிருப்பீங்கள்.

பழைய_இரும்பு சொன்னதையும் தள்ளிவிட வேண்டாம். பிளக் கழட்ட முதலே ஒரு மலிவான சோதனை இருக்கு: பெடலைத் தரைமட்டும் மிதிச்சுக்கொண்டு கிராங் பண்ணுங்கோ. அப்பிடி மிதிச்சால் இன்ஜெக்டரை கம்பியூட்டர் அடைச்சு விடும், எஞ்சின் பிடிக்காது. காது குடுத்துக் கேளுங்கோ. எட்டும் ஒரே தாளத்திலை ஓடினால் கொம்பிறசன் ஏறத்தாழச் சமம். ஒரு இடத்திலை மட்டும் தாளம் தப்பி ஸ்ராட்டர் துள்ளி ஓடினால் அந்தச் சிலிண்டர் காத்தைப் பிடிக்கேல்லை. இன்ஜெக்டருக்கு நீட்டுத் திருப்புளியின்ரை பிடியைக் காதிலை வைச்சு எட்டின்ரை டிக் டிக்கையும் ஒப்பிடுங்கோ. கனெக்ரரைக் கழட்டி ஓம் பார்த்தால் 11இலிருந்து 18க்குள்ளை இருக்க வேணும்.

#11 பாரம்_ஏத்தி

தாளம் சமம். எட்டு இன்ஜெக்டரும் 13, 14 ஓம், சத்தமும் ஒண்டுதான். அப்ப பிளக் கழட்டத்தான் வேணும். இந்த எஞ்சினிலை பிளக் முறியும் எண்டு எல்லாரும் வெருட்டினம்.

#12 பழைய_இரும்பு

எஞ்சினை நல்லா சூடு பண்ணி, இம்பாக்ட் வெச்சு ஒரே அடில எடுத்துருங்க. அலுமினியம் சூட்ல விரியும், பிளக் விடும்.

#13 நட்டு_போல்ட்டு

இம்பாக்ட் வேண்டவே வேண்டாம்ங்க. ஏன் முறியுதுன்னு தெரிஞ்சா எப்படி எடுக்கறதுன்னு தானா தெரியும்.

இந்த 3 வால்வு ஹெட்ல வர்ற ஒரிஜினல் பிளக்கோட அடிப்பாகம் ஒரு நீளமான மெல்லிய குழாய். மரை முடிஞ்சதுக்குக் கீழ அந்தக் குழாய் ஹெட்டுக்குள்ள இறங்கி நிக்குது. குழாயும் மேல்பாகமும் தனித்தனியா செஞ்சு மடிச்சுச் சேர்த்தது. குழாய்க்கும் ஹெட்டுக்கும் நடுவுல கரி அடைச்சுக்கும். நீங்க மேல திருப்பும்போது கரி கீழ பிடிச்சுக்கிட்டா, மடிச்ச இடத்துல கழண்டு, குழாய் மட்டும் உள்ள நின்னுடும். மரை பிரச்சினை இல்லை, கரிதான் பிரச்சினை. சூடு பண்ணினா கரி கரையாது. சூடான அலுமினியத்துல மரையும் சேர்ந்து உரிஞ்சு வர்ற ஆபத்துதான் கூடும்.

ஃபோர்டு 2008ல வெளியிட்ட 08-7-6 சர்வீஸ் அறிக்கைல இருக்கற முறை இது. எஞ்சின் அறை வெப்பநிலைக்கு ஆறியிருக்கணும். கிணத்தைக் காத்தடிச்சு சுத்தம் பண்ணி, 9/16 பிளக் சாக்கெட்டால எட்டில் ஒரு சுத்துல இருந்து கால் சுத்து வரைக்கும்தான் தளர்த்தணும். அதுக்கு மேல ஒரு நூல்கூட வேண்டாம். அப்புறம் கார்புரேட்டர் கிளீனரை ஆறுமூலைக்குச் சற்று மேல நிக்கிற அளவுக்கு ஊத்தணும், அரை தேக்கரண்டிக்குச் சற்று மேல. அதிகமா ஊத்தினா சிலிண்டருக்குள்ள தேங்கும், கிராங் பண்ணும்போது கனெக்டிங் ராடு வளையும். குறைஞ்சது 15 நிமிஷம் ஊறணும். அந்த நேரத்துல முன்னும் பின்னும் ஆட்டக் கூடாது. ஊறின பிறகு இறுக்கு, தளர்த்து, இறுக்கு, தளர்த்து. கிறீச்னு சத்தம் வரும், வரணும். 45 நியூட்டன் மீட்டர் வரைக்கும் எதிர்ப்பு காட்டறது சகஜம். எதிர்ப்பு குறையக் குறைய மட்டும் வெளிய எடுக்கணும். அடம்பிடிச்சா மறுபடி கொஞ்சம் ஊத்தி மறுபடி காத்திருங்க. ராத்திரி முழுக்க ஊற விட்டாலும் தப்பில்லை.

வேலையை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே லைல் 65600 உடைஞ்ச பிளக் எடுக்கற கருவியை வாங்கி வெச்சுக்குங்க. தேவைப்படலைன்னா பெட்டி பிரிக்காம திருப்பிக் கொடுத்துடலாம். ஞாயித்துக்கிழமை சாயந்திரம் மூணு பிளக் உள்ள நிக்கும்போது கடை தேடறது நல்லா இருக்காது.

#14 பாரம்_ஏத்தி

இரவு முழுக்க ஊற விட்டு ஏழு பிளக் முழுசா வந்திட்டுது. 3ஆவது முறிஞ்சிட்டுது. மேல்பாகம் கையிலை, குழாயும் பீங்கானும் உள்ளுக்கு. 4இன்ரை பீங்கானிலை முறுக்குவிசை அண்ணை சொன்ன கரிக்கோடு மேலிருந்து கீழ் வரை இருக்கு.

#15 நட்டு_போல்ட்டு

முதல்ல, யாரும் கிராங் பண்ணாம இருக்க பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க. உள்ள பீங்கான் இருக்கும்போது ஒரு சுத்து சுத்தினாலும் வால்வு சீட்ல மாட்டும்.

உங்களுக்கு பீங்கான் குழாய்க்குள்ளயே நிக்குது, அது பரவாயில்லை. கிட்ல இருக்கற தள்ளுகோலால பீங்கானைக் குழாய்க்குள்ள இன்னும் கொஞ்சம் கீழ தள்ளணும், இழுக்கற கருவியோட மரை குழாய் சுவர்ல கடிக்க இடம் வேணும்னுதான். சுத்தியலால அடிக்காதீங்க, கருவியோட திருகே மெதுவா தள்ளும். பீங்கான் பொடியாச்சுன்னா பிளாஸ்டிக் குழாயை வேக்குவம் கிளீனர் முனைல டேப் சுத்தி மாட்டி உறிஞ்சி எடுங்க. அப்புறம் மரைக் கருவில கிரீஸ் தடவி உள்ள திருகணும். வெட்டின தூள் கிரீஸ்ல ஒட்டிக்கும், சிலிண்டருக்குள்ள விழாது. கருவி நின்னதும் மேல இருக்கற நட்டைத் திருப்பினா குழாய் நேரா மேல வரும். பக்கவாட்டுல நெம்ப வேண்டாம்.

எடுத்த குழாயோட அடில வளைஞ்ச மின்முனை இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா அது சிலிண்டருக்குள்ள. காந்தத்தை நம்பாதீங்க, ஃபோன்ல மாட்டற போர்ஸ்கோப் (ஒயர் முனைல குட்டி கேமரா) வாங்கி பிஸ்டன் தலையைப் பாருங்க.

#16 முறுக்குவிசை

எட்டுப் பிளக்கும் வெளியிலை இருக்கேக்கை கொம்பிறசன் பார்க்காமல் மூடினால் பாவம். மூண்டாவது சுத்தம் எண்டு உறுதியான பிறகு எட்டுக் கொயில் கனெக்ரரையும் கழட்டிப் போட்டு, பெடல் தரையிலை, பற்றரி நிறைச்சார்ஜிலை, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்து ஆறு அடி. ஊத்தின கிளீனர் கொஞ்சம் உள்ளுக்கு நிண்டிருக்கும், அதாலை மானி மாட்ட முதல் கிணறுகளைத் துணியாலை மூடி சும்மா சில சுற்று விட்டு வெளியிலை தள்ளுங்கோ.

தனி எண்ணை விட ஒப்பீடுதான் முக்கியம். ஆகக் குறைஞ்ச சிலிண்டர் ஆகக் கூடினதின்ரை 75 வீதத்துக்குக் குறையக் கூடாது. குறைஞ்சால் அதுக்குள்ளை ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு திருப்பி அளவுங்கோ. எண் ஏறினால் றிங், ஏறாட்டில் வால்வு அல்லது ஹெட் கஸ்கெற். அதுக்கு மேலை போக வேணுமெண்டால் பிஸ்ரனை மேல்நிலைக்குக் கொண்டந்து காத்து விட்டுக் கேளுங்கோ: த்ரொட்டிலாலை சீறினால் உள்ளெடுக்கும் வால்வு, புகைக்குழாயாலை சீறினால் வெளிவிடும் வால்வு, ஒயில் மூடியாலை சீறினால் றிங், றேடியேற்றரிலை குமிழி வந்தால் ஹெட் கஸ்கெற்.

#17 பாரம்_ஏத்தி

மூண்டாவதின்ரை குழாய் மின்முனையோடை முழுசா வந்தது. கொம்பிறசன் பிஎஸ்ஐ: 150, 155, 145, 150, 155, 150, 150, 145. பழைய பிளக் இடைவெளி 1.7இலிருந்து 1.9 மி.மீ.

#18 முறுக்குவிசை

எஞ்சின் ஆரோக்கியமா இருக்கு. இடைவெளிதான் கொடுமை. புதுசிலை 1.0 முதல் 1.3 வரை இருக்க வேண்டியது. அகலம் கூடக் கூட கொயில் ஒவ்வொரு தீப்பொறிக்கும் கூட வோல்ற்றுக்கு ஏறவேண்டி வரும், அந்த வோல்ற் பலவீனமான பூட்டைத் தேடிப் போகும். மழை சாட்டுத்தான், அடிப்படை இந்த அகலம்.

போடேக்கை: மோட்டர்கிராஃப்ற் எஸ்பி-515 அல்லது அதுக்குப் பதிலா வந்த எஸ்பி-546. ஒரே துண்டா வேணுமெண்டால் சாம்பியன் 7989. நிக்கல் அன்ரி-சீஸ் (இறுகிப் பிடியாமல் பூசிற பசை) மெல்லிசா அந்த நீட்டுக் குழாயிலை மட்டும். நுனியிலை உள்ள மின்முனைக்குப் படக் கூடாது, மரையிலும் பூசக் கூடாது. மரையிலை பூசினால் ரோர்க் றெஞ்ச் பொய் சொல்லும், நீங்கள் கூட இறுக்கிப் போடுவீங்கள். ஆறின எஞ்சினிலை 34 நியூட்டன் மீற்றர். கையாலை திருகித் தொடங்குங்கோ.

கொயில் எட்டும் வாங்க வேண்டாம். 2இலும் 4இலும் இருந்த கொயிலுக்குப் பூட்டும் ஸ்பிறிங்கும் மட்டும் புதுசு போட்டுப் பாருங்கோ. மற்ற ஆறின்ரை பூட்டுக்குள்ளையும் ரோச் அடிச்சுக் கோடு இருக்கோ எண்டு பார்க்க வேணும். றப்பர் பூட்டின்ரை வாயிலை மின்சாரம் கடத்தாத டையலெக்ரிக் கிறீஸ் ஒரு பட்டாணி அளவு. கொயிலே வேணும் எண்டால் டிஜி-511. பெயர் தெரியாத மலிவுப் பெட்டி எட்டு வாங்கினால் ஆறு மாதத்திலை இதே இழையைத் திருப்பித் திறக்க வேண்டி வரும்.

தண்ணி எங்காலை வந்தது எண்டதையும் விட்டுவிடாதேங்கோ. கண்ணாடிக்குக் கீழை உள்ள கவுலுக்குள்ளை இலை அடைச்சு நிண்டால் மழைத்தண்ணி ஃபயர்வோல் பக்கம் வழியும், 4க்கு நேர மேலை. எஞ்சினை பிறசர் வோஷ் பண்ணிறதையும் நிப்பாட்டுங்கோ.

#19 குளிர்_ஸ்டார்ட் (வின்னிபெக்)

இதே எஞ்சின், 2005. ஆனா அறிகுறி வேற. பி0300, பி0171, பி0174 மூணும் சேர்ந்து. ஹைவேல 100ல பாரத்தோட போகும்போது எல்லா சிலிண்டரும் சேர்ந்து தடுமாறுது, சில நேரம் ஆஃப் ஆகி, 15 நிமிஷம் கழிச்சு ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது. மோட் 6ல எட்டும் கிட்டத்தட்ட சமம். பிளக் போன வருஷம்தான் மாத்தினது.

#20 நட்டு_போல்ட்டு

இது தீப்பொறி கேஸ் இல்லைங்க. ரெண்டு பேங்கும் (எஞ்சினோட ரெண்டு பக்கமும்) லீன், அதாவது காத்துக்குப் பெட்ரோல் பத்தலை; எட்டும் சமமா மிஸ். எட்டுக்கும் பொதுவான ஒண்ணுதான் காரணம்: காத்து அளக்கறது, இல்லைன்னா பெட்ரோல் அனுப்பறது.

லீன் கோடைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. ஒரே சிலிண்டர் மிஸ் ஆனாலும் அந்தப் பக்க ஆக்சிஜன் சென்சார் லீன்னுதான் சொல்லும். எரியாத காத்து அப்படியே வெளிய வருது, சென்சாருக்கு ஆக்சிஜன்தான் தெரியும், பெட்ரோல் தெரியாது. அதனால ஒரு பேங்க்ல மட்டும் லீனும் மிஸ்ஃபயரும் சேர்ந்து வந்தா முதல்ல மிஸ்ஃபயரைச் சரி பண்ணணும். உங்களுக்கு ரெண்டு பேங்க், அதனால லீன்தான் முதல்.

ஃபியூல் ட்ரிம்மை (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கற சதவீதம்) ஐடில்லயும் 2500லயும் பாரத்துலயும் எழுதுங்க. ஐடில்ல +20, 2500ல +5 ஆக இறங்கினா வேக்குவம் லீக். ஐடில்ல கிட்டத்தட்ட 0, பாரம் ஏற ஏற +20, +25ன்னு ஏறினா காத்து சென்சார் அழுக்கு, இல்லைன்னா பெட்ரோல் அழுத்தம். அந்த ரெண்டையும் பிரிக்க ரயில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கற குழாய்) பிரஷர் சென்சார் எண்ணை ஸ்கேனர்ல பாரத்தோட ஓட்டிப் பாருங்க. 40 பிஎஸ்ஐ சுத்தி நிக்கணும். நின்னா காத்து சென்சாருக்கான ஸ்ப்ரேயால அதைச் சுத்தம் பண்ணுங்க, பிரேக் கிளீனர் வேண்டாம். விழுந்தா ஃபில்டர், பம்ப், இல்லைன்னா பம்ப் டிரைவர் மாட்யூல் (பெட்ரோல் பம்பை இயக்கற எலக்ட்ரானிக் பெட்டி).

நீங்க சொல்ற "ஆஃப் ஆகி ஆறினா ஸ்டார்ட்" கேட்டா எனக்கு அந்த மாட்யூல் மேலதான் சந்தேகம். 2004–08 எஃப்-150ல அது ஸ்பேர் டயருக்கு மேல, சேஸிஸ் குறுக்குச் சட்டத்துல இருக்கு. அலுமினிய முதுகு நேரா இரும்புச் சட்டத்தோட ஒட்டி நிக்குது. நடுவுல உப்புத்தண்ணி புகுந்தா ரெண்டு உலோகமும் பேட்டரி மாதிரி ஆகி அலுமினியம் அரிச்சுப் போகும், அப்புறம் உள்ள தண்ணி. ரோட்டுல உப்பு கொட்டற ஊர் வண்டிக்கு இது கிட்டத்தட்ட விதி. புது மாட்யூல் சட்டத்தை விட்டுத் தள்ளி நிக்கிற மாதிரி ஸ்பேசரோட வருது. ஸ்பேர் டயரை இறக்கினா கை போகும், ரெண்டு போல்ட்.

#21 பழைய_இரும்பு

இந்த எஞ்சின்ல இன்னொரு மிஸ்ஃபயர் இருக்குங்க, அதை யாரும் சொல்லலை. சூடான பிறகு, கியர் டிரைவ்ல, சிக்னல்ல நிக்கும்போது மட்டும் எஞ்சின் நடுங்கும், முன்பக்கம் டீசல் மாதிரி டக் டக்னு தட்டும். காலைல குளிர்ல ஒண்ணும் இருக்காது. பிளக், காயில், இன்ஜெக்டர் எல்லாம் மாத்தினாலும் போகாது. அது கேம் ஃபேசர், ஆயில் அழுத்தத்தால வால்வு திறக்கற நேரத்தை மாத்தற பாகம். ஆயில் சூடாகி இளகினதும் அழுத்தம் பத்தாம ஃபேசர் நிலை தடுமாறுது, வால்வு நேரம் தப்புது. கேம் நேரம் தப்பினதைச் சொல்ற பி0012, பி0022 கோட் வரலாம், வராமலும் போகலாம்.

சோதனைக்கு ரெண்டு பக்கமும் வால்வு கவர் முன்னாடி இருக்கற விசிடி சொலினாய்டு (ஃபேசருக்கு ஆயிலைக் கட்டுப்படுத்தற வால்வு) கனெக்டரைக் கழட்டி விட்டுப் பாருங்க. கேம் அடிப்படை நிலைலயே நிக்கும். நடுக்கம் போனா பிளக் பக்கமே போகாதீங்க. மானி மாட்டி சூடான ஐடில்ல ஆயில் அழுத்தம் பாருங்க. ஆயில் 5டபிள்யூ-20, ஃபில்டரோட 7 யுஎஸ் குவார்ட், அதாவது 6.6 லிட்டர். ஒன்றரை குவார்ட் குறைவா ஓட்டினாலே இந்த எஞ்சின் கோவிச்சுக்கும்.

அப்புறம் ராக்கர் ஃபாலோவர், கேம் அமுக்கறதை வால்வுக்குக் கடத்தற சின்னக் கை. இடத்தை விட்டுக் கழண்டு விழும். வெளிவிடற வால்வோட ஃபாலோவர் விழுந்தா எரிஞ்ச புகை வெளிய போக வழியில்லாம உள்ளெடுக்கற பக்கமே திரும்பி, இன்டேக்ல டப் டப்னு வெடிக்கும். உள்ளெடுக்கறது ரெண்டுல ஒண்ணு விழுந்தா இன்னொண்ணு வேலை செய்யறதால கம்ப்ரஷன் ஓரளவு நல்லாவே காட்டி ஏமாத்தும். தீப்பொறி, பெட்ரோல், கம்ப்ரஷன் மூணும் சரி, ஆனா ஒரு சிலிண்டர் செத்திருக்குன்னா வால்வு கவரைத் திறங்க.

#22 முறுக்குவிசை

பழைய_இரும்பு, இதை முதலே எழுதியிருக்கலாமே. எட்டுக் கொயில் ஆலோசனையை மன்னிச்சம்.

#23 குளிர்_ஸ்டார்ட்

ட்ரிம் ஐடில்ல +3, பாரத்துல +24. ரயில் பிரஷர் 40ல ஆரம்பிச்சு ஏத்தத்துல 22க்கு இறங்குது. டயரை இறக்கினேன். மாட்யூல் முதுகுல கட்டைவிரல் நுழையற ஓட்டை, உள்ள வெள்ளைப் பொடி. புதுசு போட்டதும் பாரத்துலயும் 39, 40. ட்ரிம் +4.

#24 நட்டு_போல்ட்டு

போட்ட இடத்துல சட்டத்தைக் கம்பி பிரஷ்ஷால தேச்சு பெயிண்ட் அடிச்சீங்களா? கனெக்டர் பின்லயும் பச்சை பிடிச்சிருக்கான்னு பாருங்க. பின் அரிச்சிருந்தா புது மாட்யூலும் அடுத்த குளிர்ல இதே வேலையைக் காட்டும். பழைய மாட்யூலோட கொஞ்ச நாள் லீனா ஓடினதால பம்ப் கஷ்டப்பட்டிருக்கலாம். ஃபில்டரையும் மாத்திட்டு ஒரு மாசம் கழிச்சு அழுத்தத்தை மறுபடி பாருங்க.

#25 பாரம்_ஏத்தி

எட்டுப் பிளக், 2க்கும் 4க்கும் புதுப் பூட். அதே ஏத்தம், இரண்டு தரம். மோட் 6 எட்டும் 0. பற்றரி கழட்டினதாலை மிஸ்ஃபயர் மானிற்றர் இன்னும் "தயாரில்லை" எண்டு காட்டுது. அந்த 0 உண்மையான 0 தானோ?

#26 முறுக்குவிசை

நல்ல கேள்வி. பற்றரி கழட்டினால் கம்பியூட்டர் கிராங் சக்கரத்தின்ரை பல்லுகளின்ரை சின்னச் சின்னக் கோணல்களைப் படிச்சு வைச்சிருந்த கணக்கையும் மறந்து போகும். அதைத் திருப்பிப் படிக்கும்வரை மிஸ் எண்ணிறதை முழுசா நம்பேலாது. வெறுமையான ரோட்டிலை 100க்கு ஏத்தி, காலை எடுத்து, பிரேக் தொடாமல் 65 வரை தானா இறங்க விடுங்கோ. மூண்டு நாலு தரம். பிறகு அதே ஏத்தத்திலை எண்ணைப் பாருங்கோ. ஒண்டாரியோவிலை கார்களுக்கான டிரைவ் கிளீன் புகைச் சோதனை 2019இலேயே நிண்டிட்டுது, மானிற்றர் தயாராகவேணும் எண்டு ஒருத்தரும் கேக்க மாட்டினம். ஆனால் உங்களுக்கு அந்த 0 வேணும். மழைக்கு அடுத்த நாள் காலமையும் ஒருக்கா ஓடிப் போட்டு 4ஐயும் 2ஐயும் எழுதுங்கோ.

#27 பாரம்_ஏத்தி

இறங்க விட்டு ஐந்து தரம் செய்தாச்சு, மானிற்றர் தயார். நேற்று இரவு முழுக்க மழை. காலமை அதே ஏத்தம்: 4ஆவது 0, 2ஆவது 0, 8ஆவது 2. கவுலுக்குள்ளை இருந்து ஒரு வாளி மேப்பிள் இலை எடுத்தது.

#28 முறுக்குவிசை

8இலை 2 எண்டதை விடுங்கோ, ரோட்டு மேடு பள்ளத்துக்கும் அவ்வளவு வரும். 20ஐத் தாண்டினால் அதின்ரை பூட்டுக்குள்ளை ரோச் அடியுங்கோ.